கடைசி ஆட்டம் முடிந்ததிலிருந்து முதல் பந்து வரை: குளிர்காலத்தில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரலில் நடக்கும் முதல் ஆட்டத்தில் பந்து எழும்பாமல் தரையோடு போனால், அந்த வாரம் ரோலர் ஓட்டியவரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் அந்த ஆடுகளத்தின் தலையெழுத்தில் பாதி முந்தைய செப்டம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. மீதி மார்ச்சில், மண் சரியான ஈரத்தில் இருந்த சில நாட்களில் எழுதப்பட்டது. ஆட்டத்துக்கு முந்தைய வாரம் நாம் செய்வது கடைசி மெருகு மட்டும்தான்.

இங்கிலாந்தின் கிளப் மைதானங்களுக்காக இதை எழுதுகிறேன். முழுநேர ஊழியர் கிடையாது, வேலை முடிந்து வரும் இரண்டு மூன்று தன்னார்வலர்கள், புல் வெட்ட ஒரு பழைய மோவர், மண்ணை இறுக்க ஒரு ரோலர் என்று ஓடும் மைதானங்கள்தான் மனதில் இருக்கின்றன. மாதங்களைக் குறிப்பிட்டிருந்தாலும் அவற்றை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். வடக்கே போகப் போக எல்லாமே இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகும். நாள்காட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்வோம்

மைதானத்தின் நடுவில் ஆடுகளங்கள் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியது போல் இருக்கும் பகுதியை ஸ்கொயர் என்கிறோம். அது சாதாரணத் தோட்ட மண் இல்லை. லோம், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். அதில் களி மட்டும் சுமார் 25 முதல் 30 சதவீதம். களி காயும்போது சுருங்கி, இறுகி, கெட்டியாகிறது. அந்தக் கெட்டிதான் பந்தை எழும்ப வைக்கிறது. குளிர்காலத்தில் நமக்குத் தொல்லை கொடுப்பதும் அதே களிதான். தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், மிதித்தால் வழவழவென்று மெழுகிவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெயிலும் காற்றும் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரை மட்டுமே உலர்த்தும். அதற்குக் கீழே உள்ள ஈரத்தை வெளியே எடுப்பது புல்லின் வேர். வேர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழத்துக்கு ஆடுகளம் காய்ந்து இறுகும். அதனால்தான் பந்து துள்ள வேண்டும் என்று நினைப்பவர் புல்லை வளர்க்க வேண்டியிருக்கிறது. ஸ்கொயரில் வளர்ப்பது பெரும்பாலும் பெரினியல் ரைகிராஸ் வகைப் புல். மிதியைத் தாங்கும், சீக்கிரம் முளைக்கும், வேர் ஆழமாகப் போகும்.

சீசன் முடிந்ததும் முதல் வேலையாக, மண் மாதிரி எடுக்கும் குழாயால் இரண்டு மூன்று ஆடுகளங்களிலிருந்து 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்து ஒரு பலகையில் கிடத்திப் பாருங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். மேலே பழுப்பு நிறத்தில், பஞ்சு போல் ஓர் அடுக்கு இருக்கிறதா? அது மட்கிப் போகாத புல் நார், அதாவது தாட்ச். வேர் எங்கே நின்றுவிடுகிறது? மண் ஒரே துண்டாக இருக்கிறதா, அல்லது லேசாக வளைத்ததும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பட்டென்று இரண்டாகப் பிரிகிறதா? அப்படிப் பிரிந்தால் உள்ளே அடுக்குப் பிளவு இருக்கிறது என்று அர்த்தம். மேலே எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் பந்தின் வேகத்தை அந்தப் பிளவு விழுங்கிவிடும். படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

செப்டம்பர் கடைசி: பெரிய மராமத்து

இந்த வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. ரைகிராஸ் விதை ஒழுங்காக முளைக்க மண்ணின் வெப்பம் 8 முதல் 10 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். செப்டம்பரில் போட்ட விதை 7 முதல் 10 நாளில் முளைத்து, குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அக்டோபர் நடுவில் போட்டால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே தொடங்குவதுபோல், லோம், விதை, வாடகை இயந்திரம் எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

முதலில் ஸ்கொயர் முழுவதையும் 5 மி.மீ. அளவுக்கு ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய புல்லைப் பெட்டியில் சேகரித்து வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஸ்கேரிஃபையர். செங்குத்தான கத்திகளால் தாட்சைக் கீறி வெளியே இழுக்கும் இயந்திரம் இது. வீட்டுத் தோட்டத்துக்கான சின்ன இயந்திரம் போதாது. பெரியதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது செய்யுங்கள். பந்து ஓடும் திசைக்கு நேராக முதல் ஓட்டம், அதற்குச் சற்றுச் சாய்வாக இரண்டாவது, மறுபக்கம் சாய்வாக மூன்றாவது. செங்குத்துக் குறுக்காக ஓட்ட வேண்டாம், புல் கட்டம் கட்டமாகப் பெயர்ந்து வந்துவிடும். கத்தி தாட்ச் அடுக்கைத் தாண்டி, அடியில் உள்ள மண்ணைத் தொட வேண்டும். முடிந்ததும் ஸ்கொயர் பார்க்கவே பயமாக இருக்கும். பச்சை போய் பழுப்பாகி, உழுத நிலம் மாதிரி தெரியும். சில உறுப்பினர்கள் வந்து பதறுவார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள், வேலையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தாட்சை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் மண் போடுவதுதான் ஒரு ஸ்கொயருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். சற்று முன் சொன்ன அடுக்குப் பிளவு பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது.

கீறி எடுத்த குப்பையை முழுவதும் ஊதியோ உறிஞ்சியோ பெருக்கியோ அகற்றிவிட்டு, பந்துவீச்சாளர்கள் காலூன்றிக் குழியாக்கிய இடங்களைச் சரி செய்யுங்கள். உதிரி மண்ணை வழித்தெடுத்து, குழியின் அடியைத் தோட்டவேலைக்கான முள்கரண்டியால் கொத்தி, நன்றாக நனைத்து, ஈரமான லோமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். காய்ந்த மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே தட்டிவிட்டால், வசந்தத்தில் அது மூடி போல் கழன்று வரும்.

விதை ஒரு சதுர மீட்டருக்கு 35 முதல் 50 கிராம். ஓர் ஆடுகளம் 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம், அதாவது சுமார் 61 சதுர மீட்டர். ஆக, ஓர் ஆடுகளத்துக்கு 2 முதல் 3 கிலோ விதை. பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவினால் திட்டுத் திட்டாக வராது. விதை மண்ணைத் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். கீறிய பள்ளங்களுக்குள் அது விழுந்தால் நல்லது, மேலேயே கிடந்தால் பறவைகளுக்குத் தீனி.

அடுத்து மேல்மண். 25 கிலோ மூட்டையில் ஓர் ஆடுகளத்துக்கு 6 முதல் 8 மூட்டை போதும். அகலமான மட்டப்பலகையால் இழுத்துச் சீராக்குங்கள். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிடக் கூடாது. இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: இத்தனை ஆண்டுகளாக எந்த லோம் போட்டீர்களோ அதையே போடுங்கள். வேறு நிறுவனத்தின் லோம் மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்றினால், இரண்டு மண்ணும் வேறு வேறு அளவில் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் இரண்டையும் பரிசோதித்துப் பொருத்தம் பாருங்கள். இங்கிலாந்தில் முன்பு இன்ஸ்டிடியூட் ஆஃப் கிரவுண்ட்ஸ்மன்ஷிப் என்ற பெயரில் இருந்து, இப்போது கிரவுண்ட்ஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் ஆகியிருக்கும் அமைப்பின் ஆடுகள ஆலோசகர்கள் இதற்கு உதவுவார்கள். உங்கள் கவுண்டி கிரிக்கெட் அமைப்பிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும்.

இலையுதிர்கால உரத்தில் தழைச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து கூடுதலாகவும் இருக்கட்டும். இந்தச் சமயத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் புல் மெத்து மெத்தென்று வளர்ந்து, முதல் பூஞ்சை நோய்க்கே விழுந்துவிடும். மழை இல்லாவிட்டால் முளைக்கும் வரை மேற்பரப்பை ஈரமாக வைத்திருங்கள். முளைப்பு விரிப்பு போட்டால் வேகம் கூடும். ஆனால் தினமும் தூக்கிப் பாருங்கள். கீழே வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் நோய் மிக வேகமாகப் பரவும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை: அடிக்கடி பார்ப்பது, குறைவாகச் செய்வது

முதல் வேலை வேலி. ஸ்கொயரைச் சுற்றிக் கம்பு நட்டு வலை கட்டுங்கள். நாய், முயல், குறுக்கு வழியில் நடப்பவர்கள், பந்தோடு வரும் பிள்ளைகள் எல்லோரையும் அது நிறுத்தும். வெறும் கயிறு மனிதர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும்தான், முயலுக்கு அதுவும் இல்லை. அவுட்ஃபீல்டில், அதாவது ஸ்கொயரைச் சுற்றியுள்ள புல்வெளியில், குளிர்காலத்தில் கால்பந்து நடக்கும் மைதானமாக இருந்தால், வேலியைச் சில மீட்டர் தள்ளியே போடுங்கள்.

புல் குளிரிலும் மெதுவாக வளரும். அதை 12 முதல் 18 மி.மீ. உயரத்தில் வைத்திருங்கள். நுனியை மட்டும் லேசாக வெட்டினால் போதும், ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. காய்ந்த, உறைபனி இல்லாத நாளில், கூரான கத்தியோடு செய்யுங்கள். நீளமாக விட்டுவிட்டால் புல் சாய்ந்து, ஈரம் தேங்கி, அடியில் மஞ்சளித்துவிடும்.

காலைப் பனித்துளியை நீண்ட கழியாலோ தூரிகையாலோ தட்டிவிடுவது இருக்கும் வேலைகளிலேயே மலிவானது, அதிகப் பலன் தருவதும் அதுதான். மைக்ரோடோக்கியம் என்னும் பூஞ்சை நோய், பலரும் ஃபியூசேரியம் என்று சொல்வது, இலை நீண்ட நேரம் நனைந்திருந்தால்தான் பிடிக்கும். வட்ட வட்டமாக ஆரஞ்சு கலந்த பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் அதுதான். காற்றோட்டம், பனி தட்டுதல், இலைச் சருகு அகற்றுதல், தழைச்சத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்தால் மருந்து தேவைப்படுவது அரிது. தேவைப்பட்டால், தொழில்முறைப் பூச்சிக்கொல்லிகளையும் பூஞ்சைக்கொல்லிகளையும் தெளிக்கப் பிரிட்டனில் உரிய சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர் கையில் தெளிப்பானைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக்காரரை அழையுங்கள்.

அப்புறம், உறைபனி. வெள்ளையாக உறைந்திருக்கும் புல்லின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, நீங்களும்தான். இலையின் செல்களுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகியிருக்கும். மிதித்தால் செல் உடைந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் கருத்த காலடித் தடங்கள் தெரியும், அவை மறைய வாரக்கணக்கில் ஆகும். பனி மூடினால் தானாக உருகட்டும், வழிக்கப் போகாதீர்கள். உருகிய பிறகு நோய்த் திட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மண்புழு பற்றித்தான் எப்போதும் நிறையக் கேள்விகள் வரும். பிரிட்டனில் விளையாட்டுப் புல்தரையில் மண்புழுவைக் கொல்ல இன்று அனுமதிக்கப்பட்ட ரசாயனம் எதுவும் இல்லை. புழு மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அது மேலே தள்ளும் சின்னச் சின்ன மண்குவியல்கள் ஸ்கொயரில் தொல்லை. ஈரமாக இருக்கும்போது அவற்றின் மேல் மோவரோ காலோ பட்டால், மெழுகிப் போய் அடியில் உள்ள புல்லை மூச்சுமுட்ட வைக்கும். களைகளுக்கு நாற்றங்கால் மாதிரி ஓர் இடமும் கிடைத்துவிடும். காய்ந்த மதியத்தில் தூரிகையால் தட்டிக் கலைத்துவிடுங்கள். வெட்டிய புல்லையும் இலைச் சருகையும் ஸ்கொயரில் விடாமல் அகற்றினால் புழுவுக்கு உணவு குறையும், குவியலும் குறையும். குளிர்காலத்தில் அளவோடு தெளிக்கும் இரும்பு சல்பேட் பாசியைக் கட்டுப்படுத்தும், புல்லையும் உறுதியாக்கும். காங்கிரீட்டிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காகங்கள் கூட்டமாக வந்து கொத்தினாலோ நரியும் பேட்ஜரும் தோண்டினாலோ, அடியில் புழு இருக்கிறது. டாடி லாங்லெக்ஸ் என்று இங்கே அழைக்கும் நீண்டகால் ஈயின் புழுக்களும் வண்டுப் புழுக்களும் புல்வேரைத் தின்பவை. சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி: மாலையில் ஒரு சின்ன இடத்தை நன்றாக நனைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடுங்கள். காலையில் தூக்கினால் ஈப்புழுக்கள் மேலே வந்து கிடக்கும்.

*காற்றோட்டத் துளை.* நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை, ஜனவரி தொடக்கம் வரையிலும்கூட, கெட்டியான முள் பொருத்திய இயந்திரத்தால் 10 செ.மீ. அல்லது அதற்கும் மேல் ஆழமாக ஸ்கொயரைத் துளையிடலாம். மழைநீர் உள்ளே இறங்கும், வேரும் துளை வழியே கீழே போகும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாக இருக்கக் கூடாது. சக்கரத் தடம் பதிந்தால் அன்றைக்கு வேண்டாம். ஜனவரி பாதிக்குப் பிறகு ஸ்கொயரில் துளையிடுவதை நிறுத்திவிடுங்கள். களிமண்ணில் போட்ட துளை மூடிக்கொள்ள நாளாகும். வசந்தத்தில் காய்ந்து சுருங்கும்போது, வெடிப்பு துளையிலிருந்து துளைக்குக் கோடு பிடித்தது போல் ஓடும். அந்தக் கோட்டில் பந்து விழுந்தால் பேட்ஸ்மேனின் பாடு கஷ்டம்.

ஆடுகள மூடிகளைக் குளிர்காலம் முழுக்க ஸ்கொயரின் மேல் போட்டு வைக்கும் கிளப்புகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். வெளிச்சம் இல்லாமல் புல் மெலிந்து, நோய் வந்து, மார்ச்சில் வெறும் மண்தான் மிஞ்சும்.

கொட்டகை

சுழலும் உருளையில் கத்திகள் பொருத்திய சிலிண்டர் மோவரைத் தீட்டவும் ரோலரைச் சரிபார்க்கவும் நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மார்ச்சில் எல்லா கிளப்பும் ஒரே பட்டறை வாசலில் நிற்கும். திரும்பி வந்ததும் ஒரு காகிதத்தைச் சிலிண்டருக்கும் அடிக்கத்திக்கும் நடுவே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். அகலம் முழுவதும் சுத்தமாக வெட்ட வேண்டும். நிற்கும் மோவர்களில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள், கார்புரேட்டரை அடைத்துவிடும். ரோலரில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் வடித்துவிடுங்கள். வெளிக்குழாய்களையும் பம்பையும் முதல் உறைபனிக்கு முன்பே மூடி வடிக்க வேண்டும். பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்காக எல்லையில் வைக்கும் பெரிய திரையான சைட்ஸ்கிரீனைக் காற்றில் சாயாதபடி கட்டி வைத்து, சக்கரங்களுக்கு மசகு போடுங்கள்.

அவுட்ஃபீல்ட்

அவுட்ஃபீல்டைக் குளிர்காலத்தில் 25 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். இலைச் சருகுதான் பெரிய எதிரி. ஓரங்களில் மரம் இருந்தால் வாரம் ஒரு முறையாவது அள்ள வேண்டியிருக்கும். நிலம் இடம் கொடுக்கும்போதெல்லாம் கீறித் துளையிடலாம். ஸ்கொயருக்குச் சொன்ன ஜனவரிக் கெடு இங்கே இல்லை. மழைக்கு மறுநாள் ஒரு சுற்று நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். வடிகால் வாய்க்காலில் அடைத்திருக்கும் மண்ணை அள்ளினாலே பாதித் தேக்கம் தீர்ந்துவிடும் மைதானங்கள் உண்டு. நிழல் தரும் கிளைகளை வெட்டுவதற்கு முன், அந்த மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்று உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறேன் என்று கனமான ரோலரை அவுட்ஃபீல்டில் ஓட்டாதீர்கள். மேடு அப்படியே இருக்கும். மண்ணில் உள்ள காற்று மட்டும் போய், அடுத்த மழைக்கு அங்கே குளம் நிற்கும்.

பிப்ரவரி கடைசி, மார்ச்: எழுப்புவது

மண் வெப்பம் 6 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் புல் மெல்ல விழித்துக்கொள்ளும். மண் வெப்பமானி விலை குறைந்த கருவி, ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்கொயரை நன்றாகத் தூரிகையால் தேய்த்து, குப்பையையும் சாய்ந்த புல்லையும் எழுப்பி, வெட்டும் உயரத்தைப் படிப்படியாக இறக்குங்கள்: 15, அடுத்து 12, அப்புறம் 10 மி.மீ. ஒரே நாளில் இறக்கினால் புல் அதிர்ச்சியில் நின்றுவிடும். தழைச்சத்து கொஞ்சம் கூடிய வசந்தகால உரத்தை, பொதுவாகச் சதுர மீட்டருக்கு 35 கிராம், பையில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் இப்போது போடலாம். வெறுமையான இடங்களில் விதை தூவுங்கள். ஆனால் இந்தப் பருவத்தில் போடும் விதை செப்டம்பர் விதைக்கு ஈடாகாது.

ரோலர்: எப்போது, எவ்வளவு

முன்சீசன் வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள காற்றை வெளியேற்றி, மேல் 7 செ.மீ. அளவையாவது நெருக்கமாக இறுக்குவதுதான் நோக்கம். குளிரில் உறைந்து, உருகி, வீங்கித் தளர்ந்த மண் இது. அதை இறுக்க மண்ணில் ஈரம் வேண்டும். ஈரம்தான் துகள்களை ஒன்றோடொன்று வழுக்கி நெருங்க விடுகிறது. ஈரம் குறைந்துவிட்டால் மண் ரோலரைத் தாங்கி நிற்கும், எவ்வளவு ஓட்டினாலும் இறங்காது. அதிகமாகிவிட்டால் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பியிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. மண் பக்கவாட்டில் நகர்ந்து, ரோலருக்கு முன்னால் அலை போல் எழும், வேர் அறுந்துபோகும்.

ஆக, சரியான ஈரம் இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அவற்றைப் பிடிப்பதுதான் திறமை. கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் இங்கிலாந்து வேல்ஸ் கிரிக்கெட் வாரியத்துக்காகச் செய்த ரோலர் ஆய்வும் இதைத்தான் வலியுறுத்தியது: எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்பதைவிட, ஓட்டியபோது மண்ணில் ஈரம் எவ்வளவு இருந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 'இந்த வருடம் இத்தனை மணி நேரம் ரோலர் போட்டோம்' என்று பெருமையாகச் சொல்லும் கிளப்புகளிடம், எந்த நாட்களில் போட்டீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

சோதனை இப்படி. 5 முதல் 7 செ.மீ. ஆழத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்துக் கையில் உருட்டுங்கள். பிள்ளையார் பிடிக்கும் பதத்தில், ஒட்டாமலும் உதிராமலும் இருந்தால் ரோலரை எடுக்கலாம். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் காத்திருங்கள். அழுத்தியதும் விளிம்பில் விரிசல் விட்டால் நேரம் தாண்டிவிட்டது, அடுத்த மழை வரட்டும். மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். ரோலர் போகும்போது நீர் மேலே கசிந்தாலோ, உருளையில் மண் ஒட்டினாலோ, முன்னால் அலை எழுந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

முதலில் எடை குறைவாக. கத்தியை நிறுத்திவிட்டு, சிலிண்டர் மோவரையே இரண்டு மூன்று முறை வெறுமனே ஓட்டுங்கள். அடுத்து 250 முதல் 500 கிலோ. அதன் பிறகுதான் ஒரு டன்னுக்குப் பக்கத்திலோ மேலேயோ இருக்கும் கனமான ரோலர். ஒவ்வோர் எடைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஓரளவுக்கு மேல் மண் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும், பிறகு ஓட்டுவது எரிபொருள் செலவு மட்டும்தான். தடம் பதிவது நின்றதும் அடுத்த எடைக்குப் போங்கள், அல்லது அடுத்த நாளுக்கு விடுங்கள்.

திசையும் முக்கியம். ஒரே திசையில் ஓட்டினால் மண் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். குறுக்காக ஒரு முறை, இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு முறை, கடைசியாக ஆட்டத்தின் திசையில். பிரிட்டன் கொடியில் இருக்கும் கோடுகள் மாதிரி. குறுக்காகவும் சாய்வாகவும் ஓட்டுவது முன்சீசனில் மட்டும்தான், ஆட்டங்கள் தொடங்கிய பிறகு நேர்த்திசை மட்டும். வேகம் நடையைவிடக் குறைவாக இருக்கட்டும். ஸ்கொயரின் மேல் ரோலரை நிறுத்தி வைக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள்.

இரண்டு நாள் நல்ல ஈரம் கிடைத்து, மூன்றாம் நாள் கனமழை என்று வானிலை அறிக்கை சொன்னால், சக்கரம் பொருத்திய ஆடுகள மூடிகளை ஒன்றிரண்டு ஆடுகளங்களின் மேல் தள்ளி அந்த ஈரத்தைக் காப்பாற்றுங்கள். மழை நின்றதும் எடுத்துவிட வேண்டும். மொத்த ஸ்கொயரையும் சரியாகச் செய்ய முடியாத ஆண்டுகள் வரும். அப்போது ஏப்ரலில் ஆடப்போகும் மூன்று நான்கு ஆடுகளங்களையாவது ஒழுங்காக முடியுங்கள்.

ஏப்ரல்: அளந்து குறிப்பது, முதல் ஆடுகளம்

ஸ்கொயரின் நான்கு மூலைகளில் நிரந்தர அடையாளம் இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் இந்த ஆண்டே பதித்துவிடுங்கள். மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும். ஒவ்வோர் ஆடுகளத்துக்கும் மூலைவிட்டத்தை அளந்து சரிபாருங்கள். 20.12 நீளமும் 3.05 அகலமும் இருந்தால் மூலைவிட்டம் 20.35 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இல்லையென்றால் ஆடுகளம் சாய்ந்திருக்கிறது. ஸ்டம்ப் கோட்டின் நீளம் 2.64 மீட்டர், பேட்டிங் கோடு அதிலிருந்து 1.22 மீட்டர் முன்னால்.

அட்டவணை கையில் வந்ததும், எந்த ஆட்டம் எந்த ஆடுகளத்தில் என்று சீசன் முழுவதற்கும் தாளில் போடுங்கள். நடு ஆடுகளங்களை முக்கிய லீக் ஆட்டங்களுக்கு வைத்துக்கொண்டு, சிறுவர் ஆட்டங்களையும் நட்பு ஆட்டங்களையும் ஓரத்துக்கு அனுப்பலாம். ஓர எல்லைக்கோடு ஒரு பக்கம் மிகவும் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆடுகளத்தின் வேலையை ஆட்டத்துக்கு 10 முதல் 12 நாள் முன்பே தொடங்குங்கள். ஏப்ரலில் மண் மெதுவாகவே காயும். ஸ்கொயர் 8 முதல் 10 மி.மீ.யில் இருக்க, இந்த ஒன்றை மட்டும் சில நாட்களில் 5 மி.மீ. பக்கம் இறக்குங்கள். சாய்ந்து படர்ந்த புல்லைத் தூரிகையால் நிமிர்த்தி வெட்டுங்கள். மண் காய்ந்திருந்தால் ஒரு முறை ஆழமாக நனைத்து, பதம் வந்ததும் ரோலர் போட்டு, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி ரோலர். இரவில் மூடி, பகலில் திறந்து வெயிலும் காற்றும் படட்டும். ஏப்ரல் ஆடுகளத்தில் கொஞ்சம் பச்சை இருக்கத்தான் செய்யும். அதை ஒட்டச் சிரைத்து வெள்ளையாக்க ஆசைப்படாதீர்கள், அந்தப் புல்தான் அடியில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை அவுட்ஃபீல்டை ஒரு முழுச் சுற்று நடந்து பாருங்கள். முயல் குழி, பழைய கால்பந்துக் கம்பத்தின் துளை, கண்ணாடித் துண்டு, கழன்ற வடிகால் மூடி, எதுவும் விடுபடக் கூடாது. பந்துவீச்சாளர் ஓடி வரும் பாதையையும், அது ஸ்கொயரோடு சேரும் விளிம்பையும் காலால் மிதித்துப் பாருங்கள். அங்கே வழுக்கினாலோ பள்ளம் தட்டுப்பட்டாலோ, ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணித்தலைவர்களிடமும் நடுவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.